சீவி எறிந்த மரத்தின் விலை

எங்கள் தெருப் பழக்கடைக்காரருக்கு யாரிடமும் பயம் கிடையாது. ஒருவரைத் தவிர. மாண்டலின் செய்கிற அக்கா கையில் பையோடு வருவது தெரிந்தால், தர்ப்பூசணிக் குவியல் மேல் சாக்கை இழுத்துப் போர்த்திவிடுவார். அக்கா ஒரு பழம் வாங்க இருபது பழத்தைத் தட்டுவார். தட்டுவதோடு விட்டால் பரவாயில்லை. "இது பார்க்கத்தான் பளபளப்பு, உள்ள ஒண்ணும் இல்ல" என்று பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்கிற மாதிரி சொல்லுவார். அந்தப் பழம் அன்றைக்கு விற்காது. வயிற்றெரிச்சலில் பழக்கடைக்காரர் வைத்த பெயர்தான் 'டொக்டொக் அக்கா'. தெருவே அதைப் பிடித்துக்கொண்டது.

நான் அக்கா கடைக்கு இரண்டு கடை தள்ளி அச்சகம் வைத்திருக்கிறேன். பில் புத்தகம், அழைப்பிதழ், மருந்துக் கடைக் கவர், எது வந்தாலும் அடிப்பேன். அக்காவின் மாண்டலினுக்குள்ளே, துளை வழியாக எட்டிப் பார்த்தால் தெரிகிற இடத்தில், ஒரு சின்னத் தாள் ஒட்டியிருக்கும். அக்காவின் பெயர், கீழே எண் எழுத ஒரு கோடு. அந்தத் தாள் என் அச்சு. இந்தக் கதையில் என் பங்கு அவ்வளவுதான். அது சின்னப் பங்கு என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்காவுக்கு இந்த வேலையை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அப்பா அம்மா அடுத்தடுத்துப் போனபோது அவருக்குப் பத்தொன்பது வயது, தம்பிக்கு ஒன்பது. அக்கா ஒரு மேசை நாற்காலிப் பட்டறையில் மெருகு போடும் வேலைக்குப் போனார். ஒருநாள் யாரோ கழுத்து உடைந்த மாண்டலின் ஒன்றை ஒட்டித் தரச் சொல்லிக் கொண்டுவந்து போட்டார்கள். பட்டறைக்காரர் அதை நாற்காலிக் காலை ஒட்டுவது போல ஒட்டிக் கொடுக்கச் சொன்னார். அக்கா அதன் வயிற்றைத் திறந்து பார்த்தார். பார்த்தது பார்த்ததுதான், அதற்கப்புறம் நாற்காலியில் மனம் ஒட்டவில்லை. பழைய சாமான் கடைகளில் உடைந்து கிடந்த மாண்டலின்களாக வாங்கி வாங்கிப் பிரித்தார். "பதினோரு பொணத்தை அறுத்துப் பார்த்தேன். உயிரோட இருந்த எதையும் நான் தொடல" என்பார்.

அப்படிச் செய்ய ஆரம்பித்து இருபத்தாறு வருஷத்தில் ஏறக்குறைய நூற்றெண்பது மாண்டலின். வருஷத்துக்கு ஏழு, மிஞ்சினால் எட்டு. அந்த வருமானத்தில்தான் தம்பி படித்தான், சட்டைக்கு இஸ்திரி போட்டான், கல்யாணம் செய்துகொண்டான். அக்கா செய்துகொள்ளவில்லை. யாராவது கேட்டால், "எனக்கு எங்க நேரம்? வஜ்ஜிரம் காயுறதுக்குள்ள கல்யாணத்தை முடிச்சுடுவீங்கன்னா சொல்லுங்க" என்று சிரிப்பார். வஜ்ஜிரம் என்பது அவர் காய்ச்சுகிற பசை. ஒரு நிமிஷம் பிந்தினால் இறுகிவிடும்.

படிப்பு முடிந்ததும் தம்பி கடையின் முன்பக்கத்தைப் பார்த்துக்கொண்டான். பின்னறை பட்டறை, முன்னறை விற்பனை, நடுவே ஒரு திரை. அக்காவுக்கு வியாபாரப் பேச்சு வராது. தம்பிக்கு அது மட்டும்தான் வரும். ஆள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவருடைய பையில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லிவிடுவான்.

அக்கா மாண்டலினின் விலை கொஞ்சநஞ்சமில்லை. கேட்டவர்கள் முகம் போகிற போக்கைப் பார்க்கவே நான் சில சமயம் டீ குடிக்கிற சாக்கில் அங்கே போய் நிற்பதுண்டு. ஒருநாள் ஒரு பெரிய மனிதர் விலையைக் கேட்டுவிட்டு, "இத்தனூண்டு பெட்டி. எட்டுக் கம்பி. இதுக்கு இவ்வளவா? தங்கத்துலயா செய்யுறீங்க?" என்று சத்தம் போட்டார். அக்கா திரையை விலக்கிக்கொண்டு வந்தார். கையில் ஒரு முறம் நிறைய மரச் சீவல். அதை அப்படியே அவர் முன்னால் மேசை மேல் கவிழ்த்தார்.

"இது என்னம்மா?"

"நீங்க காசு குடுக்கிறது இதுக்குத்தான்."

"குப்பைக்கா?"

"ஆமா. கம்பிக்கு அடியில இருக்கிற முகப்பலகை என் கைக்கு வரும்போது கட்டைவிரல் தண்டி இருக்கும். ஏழு வருஷம் நிழல்ல கிடந்த மரம். அதைச் சீவிச் சீவி, நடுவுல இவ்வளவு, ஓரத்துல இவ்வளவுன்னு கொண்டு வரணும். மிச்சம் நிக்கிறதைவிட நான் தூக்கி எறிஞ்சதுதான் கனம் ஜாஸ்தி. மிஷினும் சீவும். ஆனா அது ஒரு அளவைப் போட்டா எல்லாத்தையும் அந்த அளவுக்குச் சீவும். ஒவ்வொரு மரமும் வேற. ஒரு சீவல் குறைஞ்சா பேசாது, ஒரு சீவல் கூடிப்போனா ஒரு வருஷத்துல கம்பி இழுத்து உள்ள இறங்கிடும். எங்க நிறுத்தணும்னு அந்தப் பலகைதான் சொல்லும். நான் தட்டிக் கேட்டுக்கிட்டே இருப்பேன். சொன்னதும் நிறுத்திடுவேன். அதுக்குத்தான் விலை."

பெரிய மனிதர் வாங்காமல்தான் போனார். பத்தில் ஒன்பது பேர் அப்படித்தான் போவார்கள். தம்பி அவர்கள் முதுகையே பார்த்துக்கொண்டிருப்பான். அந்தப் பார்வையை நானும் பார்த்தேன். பாவம், வியாபாரம் போகிறதே என்று வருந்துகிறான் என்று நினைத்தேன். எனக்கு ஆளை எடைபோடத் தெரியாது.

தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு தடவை இருநூறு தாள் அடித்துக் கொடுத்தேன், அது இருபது வருஷம் வந்தது. அப்புறம் தம்பி வந்தான். "அண்ணே, மழையில ஓதம் ஏறி எல்லாம் ஒட்டிக்கிச்சு, நூறு அடிச்சுக் குடுங்க." கொடுத்தேன். சில மாதம் கழித்து, "கரையான் அரிச்சிடுச்சு." இன்னொரு நூறு. அப்புறம் "காகிதத்தை மாத்துங்கண்ணே, அக்காவுக்கு இந்த நிறம் பிடிக்கலையாம்." மூன்று வருஷத்தில் ஐந்நூறு. வருஷத்துக்கு ஏழு மாண்டலின் செய்கிற பட்டறைக்கு ஐந்நூறு தாள் எதற்கு என்று என் மரமண்டைக்கு ஒருதரம்கூட உறைக்கவில்லை. கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவன் பெண் யார் என்று விசாரிப்பதில்லையே, அந்தப் புத்தி.

அந்த மூன்று வருஷத்தில்தான் அக்கா மாற ஆரம்பித்தார்.

முதல்முறை நடந்தது எனக்குத் தெரியும். கடையின் முன்னறையில் ஒருவர் கத்திக்கொண்டிருந்தார். "மூணே மாசம்! முகம் உள்ள இறங்கிடுச்சு! இதுக்கு இந்தப் பேரு வேற!" பின்னறையில் அக்கா ஒரு மாண்டலினுக்குக் கழுத்தை ஒட்டிக்கொண்டிருந்தார். பசை இறுகும் முன் கையை எடுக்க முடியாது. இறுக்கிக் கட்டிவிட்டு அவர் ஓடி வருவதற்குள் தம்பி அந்த ஆளை மாண்டலினோடு வெளியே அனுப்பிவிட்டிருந்தான்.

"என்னடா? என் மாண்டலினா?"

தம்பி ஒரு நொடி யோசித்தான். அந்த ஒரு நொடியில் அவன் உண்மையைச் சொல்லியிருக்கலாம். "உன்னுதுதான் அக்கா. விடு, நான் சரி பண்ணிக் குடுத்துடறேன். யாருக்குத்தான் தப்பு வராது? நீ மனசைப் போட்டுக் குழப்பிக்காத" என்றான். அக்காவின் தோளைத் தட்டிக்கொடுத்தான். நான் பக்கத்தில்தான் நின்றேன். எவ்வளவு பாசமான பிள்ளை என்று வீட்டில் போய் என் மனைவியிடம் சொன்னேன். இன்றைக்கு நினைத்தால் என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அப்புறம் இரண்டு மாதத்துக்கு ஒன்று, மாதத்துக்கு ஒன்று என்று புகார் வந்துகொண்டே இருந்தது. சிலது போனில் வரும். போன் தம்பியிடம்தான் இருக்கும். திரைக்குப் பின்னால் அக்கா உளியை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார். தம்பி எந்த மாண்டலினையும் அவர் கண்ணில் காட்டியதில்லை. கேட்டால், "வேண்டாம் அக்கா, பார்த்தா உனக்கு ராத்திரி தூக்கம் வராது" என்பான்.

தப்பு கையில் இல்லை என்று அக்காவுக்குத் தெரியும். கை அதேபோல்தான் ஓடியது. அப்படியானால் தப்பு காதில். எங்கே நிறுத்த வேண்டும் என்று பலகை சொல்வது சரியாகக் காதில் விழவில்லை, அதனால் ஒரு சீவல் கூடுதலாகச் சீவிவிடுகிறேன் என்று அவரே முடிவுக்கு வந்தார். என்னிடம்கூட ஒருநாள் சொன்னார். "அச்சுக்காரரே, என் காது போயிட்டிருக்கு போல." சிரித்துக்கொண்டேதான் சொன்னார், கண் மட்டும் சிரிக்கவில்லை.

காது டாக்டரிடம் தம்பிதான் கூட்டிக்கொண்டு போனான். கண்ணாடி அறைக்குள் அக்காவை உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். தம்பி வெளியே பெஞ்சில் அக்காவின் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். டாக்டர் சோதனை முடிவைப் பார்த்துவிட்டு, "இருபது வயசுப் பொண்ணு காதும்மா உங்களுக்கு. எதுக்கு வந்தீங்க?" என்றாராம்.

அக்காவுக்கு மலையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. படி இறங்கும்போது தம்பி சொன்னான்: "டாக்டர் சொல்றது, மனுஷங்க பேசுறதைக் கேக்குற காதுக்கு அக்கா. உன் வேலைக்கு அது போதுமா?"

இறக்கி வைத்த மலையை அந்த ஒரு வார்த்தையில் திரும்பத் தூக்கித் தலையில் வைத்துவிட்டான்.

அதன் பிறகு அக்கா ஒரு காரியம் செய்தார். அவர் இடத்தில் யார் இருந்தாலும் செய்திருப்பார்கள். ஆனால் மாண்டலின் செய்கிற ஒருவரால்தான் அந்தத் தப்பைச் செய்ய முடியும். முகப்பலகை இறங்குகிறது என்கிறார்களே என்று பயந்து, பலகை "போதும்" என்று சொல்வதற்கு முன்னாலேயே நிறுத்த ஆரம்பித்தார். ஒரு தபால் கார்டு கனம், அவ்வளவுதான் கூடுதல். ஆனால் அந்தக் கனத்தில் மாண்டலின் வாயை மூடிக்கொண்டது. பதினைந்து வருஷமாக அக்காவிடமே வாங்குகிற கச்சேரிக்காரர் ஒருவர் புதிதாக வாங்கிய ஒன்றைத் திருப்பிக் கொண்டுவந்து, "என்னம்மா இது, பேசவே மாட்டேங்குது?" என்றார். இது பொய்ப் புகார் இல்லை. அக்கா கையால் செய்தது, அக்கா எண் எழுதியது. இல்லாத குற்றத்துக்குப் பயந்து, உண்மையாகவே ஒரு குற்றத்தைச் செய்து வைத்தார்.

இப்படிப் பதினான்கு மாண்டலின் வெளியே போயிற்று.

உண்மை வெளியே வந்தது ஒரு பல்வலியால். தம்பி பல் டாக்டரிடம் போயிருந்த ஒரு காலை, பள்ளிக்கூடத்தில் பாட்டு சொல்லிக்கொடுக்கிற டீச்சர் ஒருவர் வந்தார். முன்னறையில் ஆள் இல்லாததால் திரையை விலக்கிக்கொண்டு நேரே பட்டறைக்குள் போய்விட்டார். பையைத் திறந்து மாண்டலினை நீட்டினார். முகம் குழி விழுந்திருந்தது.

"மூணு வருஷம் சேர்த்து வச்சு வாங்கினேன்மா. திட்ட வரல. இதைக் காப்பாத்த முடியுமான்னு மட்டும் சொல்லுங்க."

அக்கா அதை வாங்கி, ஒரே ஒரு தட்டு தட்டினார். அப்புறம் சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு விளக்கைக் காட்டிப் பார்த்தார். துளையின் விளிம்பில் மூன்று அடுக்கு தெரிந்தது. ஒட்டுப்பலகை. அச்சில் வைத்து அழுத்தி வளைத்தது. ஒரு சீவல்கூட யாரும் சீவியதில்லை.

அக்கா சிரித்தாராம். டீச்சர் பிறகு என்னிடம் சொன்னது இது. "சின்னப் பிள்ளை மாதிரி சிரிச்சாங்க. 'இதை நான் செய்யல! அம்மா, இதை நான் செய்யல! என் காது நல்லாத்தான் இருக்கு!'ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. 'உங்க பேருதானேம்மா உள்ள இருக்கு'ன்னு சொன்னேன். அப்பதான் அவங்க தாளைப் படிச்சாங்க."

தாளில் நூற்று நாற்பத்தொன்று என்று எழுதியிருந்தது. நூற்று நாற்பத்தொன்றை அக்கா தன் கையாலேயே ஒரு கண் தெரியாத வித்வானுக்குக் கொடுத்திருந்தார். அவர் அதைத் தடவித் தடவிப் பார்த்து அரை மணி நேரம் வாசித்தது எனக்கே நினைவிருக்கிறது.

அக்கா தாளைச் சுரண்டி எடுத்துக்கொண்டு என் அச்சகத்துக்கு வந்தார். இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"இது உங்க அச்சா?"

"ஆமாக்கா."

"எத்தனை அடிச்சீங்க?"

சொன்னேன். ஓதம், கரையான், நிறம் எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே தெரிந்துவிட்டது. அக்கா என்னைத் திட்டுவார் என்று நின்றேன்.

"ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாமே" என்றார். அவ்வளவுதான். அதற்கு அவர் திட்டியிருக்கலாம்.

தம்பி கன்னத்தில் பஞ்சை அடக்கிக்கொண்டு வந்து சேர்ந்தபோது, மாண்டலின் முன்னறை மேசை மேல் கிடந்தது. டீச்சர் போய்விட்டிருந்தார். "நீங்களும் இருங்க" என்று அக்கா சொன்னதால் நான் நின்றேன். தம்பி மேசையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். மழுப்பக்கூட முயலவில்லை. ஒருவேளை பல் அதற்கு இடம் கொடுக்கவில்லையோ என்னவோ.

"எத்தனை?" என்றார் அக்கா.

"முன்னூறுக்கு மேல இருக்கும். மிஷின்ல செஞ்சதை மலிவா வாங்கி, உன் தாளை ஒட்டி, கடைக்கு வெளியிலயே வித்துட்டேன்."

"ஏன்?"

"பத்துல ஒன்பது பேர் திரும்பிப் போறாங்க அக்கா. நீ உள்ள இருக்க, உனக்குத் தெரியாது. நான்தானே அவங்க மூஞ்சியைப் பார்க்கிறேன்? அவங்களுக்கும் ஒரு மாண்டலின் வேணாமா?"

"வேணும். தாராளமா வித்திருக்கலாம். உன் பேரை ஒட்டி வித்திருக்கலாமே."

தம்பி பஞ்சை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான். "என் பேருக்கு யாரு அந்த விலை குடுப்பாங்க?"

நியாயமாகத்தான் கேட்கிறேன் என்கிற தொனியில் கேட்டான். எனக்கு ரத்தம் கொதித்தது. அக்கா அதற்கும் கோபப்படவில்லை.

"பேர் போச்சு, சரி. பேரைத் திரும்பச் சம்பாதிச்சுக்கலாம். வித்த காசையும் நீயே வச்சுக்க. நான் ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். காது டாக்டர்கிட்ட என் பையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தியே, அப்ப உனக்கு என்னடா தோணுச்சு?"

"நீயாத்தானே பயந்துபோன? நான் காது போச்சுன்னு எப்பவாவது சொன்னேனா? சும்மா துணைக்கு வந்தேன்."

"டாக்டர் நல்லா இருக்குன்னு சொன்னாரு. நான் எவ்வளவு சந்தோஷமா படி இறங்கினேன். அப்ப நீ சொன்னியே ஒண்ணு. அதை ஏன் சொன்ன?"

தம்பி கையிலிருந்த பஞ்சைக் கசக்கினான். அப்புறம் தலையைத் தூக்காமல் சொன்னான்: "உன் காது நல்லா இருக்குன்னு நீ நம்பிட்டா, அப்ப அந்த மாண்டலின் எங்கிருந்து வந்துச்சுன்னு தேட ஆரம்பிச்சிருப்ப."

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தார். ஒன்பது வயதிலிருந்து சோறு போட்டு வளர்த்த பிள்ளை. தன் அக்காவின் காதைத் தெரிந்தே, நிதானமாக, நாள் பார்த்துச் செவிடாக்கியிருக்கிறான். அவன் பெயரை இந்தக் கதை முழுக்க நான் சொல்லவில்லை. மரியாதைக்காக இல்லை, வாயில் வரவில்லை.

அவன் இப்போது நாலு தெரு தள்ளிக் கடை வைத்திருக்கிறான். அதே ஒட்டுப்பலகை மாண்டலின், வேறு ஏதோ பெயர் ஒட்டி விற்கிறான். நன்றாகவே ஓடுகிறது. அக்கா வாசலில் ஒரு பலகை தொங்கவிட்டார். தன் பெயர் ஒட்டிய மாண்டலின் வைத்திருப்பவர்கள் கொண்டுவந்து காட்டலாம் என்று. எழுதிக் கொடுத்தது நான், காசு வாங்கவில்லை. அதனால் என் பாவம் ஒன்றும் போய்விடாது என்று தெரியும். சிலர் வந்தார்கள், அழுதார்கள், திட்டினார்கள். ஒருவர் மட்டும், "பரவாயில்லைம்மா, எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது" என்று சொல்லி எடுத்துக்கொண்டு போனார். அக்காவைத் திட்டியவர்களைவிட அவர்தான் அதிகமாகக் காயப்படுத்தினார்.

கனம் கூடிப்போன பதினான்கில் பன்னிரண்டு திரும்பி வந்தன. அவற்றைத்தான் அக்கா இப்போது ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருக்கிறார். முகப்பலகையைச் சூடு காட்டிப் பிரித்து, விட்டுவைத்த அந்தத் தபால் கார்டு கனத்தைச் சுரண்டி எடுக்க வேண்டும். முன்பெல்லாம் அவருக்கு அது ஒரு பகல் வேலை. இப்போது முதல் பலகையே மூன்று வாரமாக மேசையில் கிடக்கிறது. ஒரு சுரண்டு சுரண்டுவார், தட்டுவார், தலையைச் சாய்ப்பார். இன்னொரு தட்டு. சுரண்டியைக் கீழே வைப்பார்.

போன வாரம் மத்தியானம் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். போனேன். பலகையை இரண்டு விரலால் ஓரத்தில் பிடித்துத் தூக்கி, என் காதருகே வைத்துத் தட்டினார்.

"எப்படி இருக்கு? நிறுத்தலாமா?"

முப்பது வருஷமாக அச்சு இயந்திரத்தின் பக்கத்தில் நிற்கிறவன் நான். என் மனைவி மூன்று தரம் கூப்பிட்டால்தான் எனக்கு ஒரு தரம் கேட்கும். அது அக்காவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் கேட்டார். அவர் முகத்தைப் பார்த்தபோது வேறு எதுவும் சொல்ல வாய் வரவில்லை.

"நல்லா இருக்குக்கா."

"அவனும் இப்படித்தான் ஆறுதலாச் சொல்லுவான்" என்றார்.

பலகையை இன்னொரு தடவை தட்டிக் காட்டினார். இந்தத் தடவை நான் பொய் சொல்லவில்லை.

"எனக்குத் தெரியலக்கா."

"எனக்கும் தெரியல" என்றார் அக்கா.